சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணி

கொழும்புக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள் என்று வரைந்து, 2019 மார்ச்சில் ஜப்பானின் அபிவிருத்தி உதவி நிறுவனமான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தமும் கைச்சாத்தான இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அதுவும் தூண்களுக்கு மேலே ஓடவிருந்த பாதைதான். புறக்கோட்டை மாதிரி இடங்களில் தூண் நடவே இடம் தேட வேண்டும் என்பதால், நிலத்துக்கு அடியால் போனால் என்ன என்ற பேச்சும் இடைக்கிடை எழும். பேச்சோடு கற்பனைப் படங்களும் வரும்: பளபளக்கும் கருங்கல் தரை, தாமரை இதழ் மாதிரிக் கூரை, சுவர் நிறைய வண்ண ஓடு.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுரங்க நிலையத்தில் அலங்காரம் கெட்டுப்போவது முன்பக்கத்தால் அல்ல, பின்பக்கத்தால். ஓடு கழன்று விழுவது, கல்லில் வெள்ளை பூப்பது, கூரைத் தகட்டில் துரு வழிவது எல்லாம் தண்ணி செய்கிற வேலை. அந்தத் தண்ணியை எங்கே மறிப்பது, எந்த வழியால் போக விடுவது என்பதைக் குழி வெட்ட முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும். உள் அலங்காரக்காரர் வந்து சேரும்போது அந்த முடிவுகள் எல்லாம் கொன்கிரீட்டாக இறுகிப் போயிருக்கும்.

முதலில் நிலம். கோட்டைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பேர வாவி. தோண்டினால் ஓரிரு மீற்றரிலேயே தண்ணி தெரியும். மேலே நிரப்பு மண்ணும் மணலும், அங்கங்கே கறுத்த சதுப்பு மண், அதன் கீழ் கபுக் எனும் செம்பூரான் கல், பிறகு உக்கின பாறை, கடைசியில் நைஸ் பாறை. பாறை ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பது கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்கு அடித்தளம் போட்ட எல்லோருக்கும் தெரியும். ஒரே குழியின் ஒரு மூலையில் 10 மீற்றரில் முட்டலாம், மறு மூலையில் 25 மீற்றர் போயும் முட்டாமல் இருக்கலாம். ஆகவே 50 மீற்றருக்கு ஒரு துளை போட்டு மண் பார்க்கிற வழக்கம் இங்கே காணாது. அதைப் பாதியாகக் குறைத்து, சந்தேகமான இடத்தில் இன்னும் நெருக்கமாகப் போட வேண்டும். துளைக்குச் செலவழிக்கத் தயங்கினால், அந்தக் காசு போல பல மடங்கு பின்னர் பாறை உடைக்கிற இயந்திரத்துக்குப் போகும்.

நிலையத்தின் அளவைப் பார்த்தால், 22 மீற்றர் நீளப் பெட்டிகள் ஆறு கொண்ட ரயிலுக்கு மேடை 140 மீற்றர் வேண்டும். இரண்டு முனையிலும் காற்றோட்ட அறை, மின்சார அறை, பம்ப் அறை எல்லாம் சேர்ந்தால் முழு நிலையமும் 200 மீற்றரைத் தாண்டும். அகலம் 20 மீற்றருக்கு மேல், ஆழம் 16 முதல் 20 மீற்றர். இந்த எல்லையைச் சுற்றி முதலில் இறங்குவது டயப்ரம் சுவர். மண்ணைத் தோண்ட முன்னரே, மண்ணுக்குள்ளேயே வார்த்து முடிக்கிற சுவர் அது.

அதற்கும் முன்னால் வழிச்சுவர் வேண்டும்: தரையில் 1 முதல் 1.5 மீற்றர் ஆழத்துக்கு இரண்டு குட்டையான கொன்கிரீட் சுவர்கள், இடைவெளி டயப்ரம் சுவரின் தடிப்போடு 50 மில்லிமீற்றர் கூட. கிறாப் எனும் மண் அள்ளும் இயந்திர வாளி இந்த இடைவெளியால் இறங்கி 2.8 மீற்றர் நீளக் கடிகளாக மண்ணை எடுக்கும். சுவர் துண்டு துண்டாகவே வார்க்கப்படும். 5.6 மீற்றர் துண்டு என்றால் இரண்டு கடி. அதைவிட நீளமான துண்டென்றால் முதலில் இரண்டு ஓரமும், பிறகு நடுவும். தோண்டுகிற பள்ளம் இடியாமல் இருக்க பென்டனைட் எனும் களிமண் குழம்பை நிரப்பி வைப்பார்கள். குழம்பின் மட்டம் நிலத்தடி நீர்மட்டத்தை விட ஆகக் குறைந்தது 1.5 மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். இங்கேதான் கொழும்பு காலை வாரும். நீர்மட்டம் தெருவுக்கு ஒரு மீற்றர் கீழே இருந்தால் குழம்பைத் தெருவுக்கு மேலே அரை மீற்றர் உயர்த்தி வைக்க வேண்டும். அதாவது வழிச்சுவரைத் தெரு மட்டத்துக்கு மேலே எழுப்பி, இயந்திரம் நிற்கிற மேடையையும் சேர்த்து உயர்த்த வேண்டும். வரைபடத்தில் இது இருக்காது. அடைமழைக்குள் முதல் துண்டு இடிந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று உப்பு. கடல்தண்ணி கலந்தால் பென்டனைட் திரிந்து கட்டிகட்டியாகி அடியில் படியும். பிறகு அது பள்ளத்தைத் தாங்காது. கலக்குகிற தண்ணி நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். காலிமுகத்திடல் பக்கம் என்றால் பள்ளத்திலிருந்து திரும்பி வருகிற குழம்பையும் உப்புக்குச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொன்கிரீட் போட முன்னர் குழம்பில் மணல் 4 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் சும்மா எழுதி வைத்த விதியல்ல. அந்த மணல் படிந்து, ஏறி வருகிற கொன்கிரீட்டுக்குள் சிறைப்படும். இரண்டு வருடம் கழித்து சரியாக அந்த இடத்தில் தண்ணி ஒழுகும்.

கம்பிக் கூட்டை, வெளியே 75 மில்லிமீற்றர் கொன்கிரீட் மறைப்பு விழும்படி இறக்கி, நடுவில் 250 மில்லிமீற்றர் ட்ரெமி குழாய் விட்டு, அடியிலிருந்து மேலே கொன்கிரீட்டை ஏற்றுவார்கள். கொன்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் சரிவு (slump) 180 முதல் 220 மில்லிமீற்றர். குழாயின் நுனி எந்த நேரமும் ஆகக் குறைந்தது 2 மீற்றர் கொன்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு துண்டு குழாயைக் கூடுதலாகக் கழற்றினால் நுனி வெளியே வந்துவிடும், சுவருக்குக் குறுக்கே ஒரு சேற்றுப் படை விழும். 5.6 மீற்றர் நீளம், 1 மீற்றர் தடிப்பு, 25 மீற்றர் ஆழம் உள்ள ஒரு துண்டுக்கு 140 கன மீற்றர் கொன்கிரீட். 6 கன மீற்றர் லொறியில் 24 லோட். இவை இடைவெளியில்லாமல் வந்து சேர வேண்டும். பகல் நேர பேஸ்லைன் வீதியை நம்பி இதைத் தொடங்குபவர் துணிச்சல்காரர். இரவு வார்ப்பு மட்டுமே கட்டுப்படியாகும்.

சதுப்பு மண் உள்ள ஆழத்தில் பள்ளம் அகன்று போகும், சுவர் அங்கே வயிறு தள்ளும். கணக்குப் போட்டதை விட லொறிகள் கூடுதலாகப் போனால் எங்கோ வயிறு வைத்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனையாவது லோட்டில் மட்டம் எவ்வளவு ஏறியது என்று எழுதி வைத்திருந்தால் எந்த ஆழத்தில் என்பதும் தெரியும். இந்தத் தாளைத்தான் அலங்காரம் வரைகிறவர் கேட்டு வாங்க வேண்டும். நிறையப் பேர் கேட்பதில்லை. சுவர் செங்குத்திலிருந்து 200க்கு 1 சரியலாம் என்று ஒப்பந்தம் அனுமதித்தால், 18 மீற்றர் ஆழத்தில் அது 90 மில்லிமீற்றர். அதன் மேல் 100 மில்லிமீற்றர் வயிறு. இரண்டும் உள்பக்கம் வந்தால் 190 போய்விட்டது. சுவருக்கும் அலங்காரத் தகட்டுக்கும் நடுவே 150 மில்லிமீற்றர் இடைவெளி என்று வரைந்திருந்தால் தகடு பூட்ட இடமே இல்லை. பிறகு ஆட்களை இறக்கி இறுகிய கொன்கிரீட்டைக் கொத்த வேண்டும், கம்பியும் வெளியே தெரியும். முதலே 300 மில்லிமீற்றர் விட்டு வரைவது புத்தி.

சுவர் முடிந்ததும் மேலிருந்து கீழாகக் கட்டுவதுதான் இந்த நகரத்துக்குப் பொருந்தும். முதலில் கூரைத் தட்டை மண்ணின் மேலேயே வார்த்து, தெருவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டில் விட்ட வாசல்களால் கீழே தோண்டுவது. வேலை மெதுவாகத்தான் நகரும், ஆனால் புறக்கோட்டை வியாபாரிகளின் கடை வாசலை வருடக்கணக்கில் மூடி வைக்கத் தேவையில்லை.

தோண்டத் தோண்டத் தண்ணியை இறைக்க வேண்டும். உள்ளே இறைத்தால் வெளியிலும் நீர்மட்டம் இறங்கும், சதுப்பு மண் தண்ணி இழந்தால் சுருங்கும், அதன் மேல் நிற்கும் பழைய கடைகளின் சுவர் வெடிக்கும். செட்டியார் தெருப் பக்கம் ஆழமில்லாத அத்திவாரத்தில் நிற்கிற கட்டடங்கள் இருக்கின்றன. ஆகவே சுவரைத் தண்ணி புகாத படைக்குள் செருகுவது, வெளியே நீர்மட்டம் பார்க்கும் குழாய்கள், மட்டம் இறங்கினால் திருப்பித் தண்ணி விடும் கிணறுகள் மூன்றும் வேண்டும். வேலை தொடங்க முன்னர் சுற்றியுள்ள ஒவ்வொரு கட்டடத்தின் வெடிப்பையும் படம் எடுத்துத் திகதி போட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குவதும் அதே அளவு முக்கியம். இல்லையென்றால் தாத்தா காலத்து வெடிப்பும் மெட்ரோவின் கணக்கில் வரும்.

இப்போது பாரம். நீர்மட்டம் தெருவுக்கு 1 மீற்றர் கீழே, அடித்தட்டின் அடி 18 மீற்றரில் என்று வையுங்கள். தண்ணி அடித்தட்டை மேலே தள்ளும் விசை சதுர மீற்றருக்கு 17 தொன். 200க்கு 20 மீற்றர் என்றால் மொத்தம் 68,000 தொன். வெறும் நிலையம் கப்பல் மாதிரி மிதக்கப் பார்க்கும். 1.2 மீற்றர் தடிப்பான அடித்தட்டு சதுர மீற்றருக்கு 3 தொன்தான் கொடுக்கும். மீதியைச் சுவர்கள், தட்டுகள், கூரை மேலே கொட்டும் மண், அதுவும் போதாவிட்டால் இழுவைத் தாங்கும் பைல்கள், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள், கொடுக்க வேண்டும். கூரை மேல் மண் முழுக்க நிரம்பும் வரை அடித்தட்டின் கீழே அழுத்தம் குறைக்கும் கிணறுகளின் பம்பை நிற்பாட்டக்கூடாது. டீசல் மிச்சம் பிடிக்க ஒரு இரவு நிற்பாட்டினால் தட்டு வெடிக்கும், அந்த வெடிப்பு நிலையத்தின் ஆயுள் முழுக்க ஒழுகும். மின்வெட்டையும் கணக்கில் எடுத்து, ஜெனரேட்டர் ஒன்றல்ல, இரண்டு வைக்க வேண்டும்.

அடித்தட்டு வார்க்கிறபோது எதிரி சூடு. சீமெந்து இறுகும்போது தடிப்பான கொன்கிரீட்டின் நடுப்பகுதி 70 பாகையைத் தாண்டக்கூடாது, நடுவுக்கும் மேற்பரப்புக்கும் வித்தியாசம் 20 பாகைக்குள் நிற்க வேண்டும். கொழும்பு வெயிலில் மணலும் கல்லுமே கொதித்துக்கொண்டு வரும். சல்லிக்கல்லை நிழலில் வைப்பது, தண்ணிக்குப் பதில் பனிக்கட்டி, சீமெந்தில் ஒரு பங்குக்கு நிலக்கரி எரித்த சாம்பல் கலப்பது ஆகியவை சேர்ந்தால் இறக்கும் கொன்கிரீட்டை 30 பாகைப் பக்கம் வைக்கலாம். சாம்பல் சூட்டைக் குறைப்பதோடு உப்பு உள்ளே இறங்குவதையும் மந்தமாக்கும். கடலோர நிலையத்துக்கு அதுவே பெரிய காரணம். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இருக்கும் நாட்டில் சாம்பலுக்குப் பஞ்சம் சொல்ல முடியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் சுவர் ஒழுகும். துண்டுக்குத் துண்டு பொருத்து, சுவரும் அடித்தட்டும் சேரும் விளிம்பு, சுவரும் கூரையும் சேரும் விளிம்பு இந்த மூன்றும்தான் முதலில். பொருத்தில் ரப்பர் நீர்த்தடை பூட்டியிருந்தாலும், அடுத்த துண்டுக்கு முன் பழைய முகத்தைப் பிரஷ் போட்டுக் கழுவாவிட்டால் அங்கே குழம்பு ஒட்டி ஒரு மெல்லிய மண் படை இருக்கும். ஒழுக்கை அடைக்க, வெடிப்பின் இரு பக்கமும் மாறி மாறி, 150 முதல் 300 மில்லிமீற்றர் இடைவெளியில் 45 பாகைச் சரிவில் துளைத்து, சுவரின் நடுத் தடிப்பில் வெடிப்பைத் துளை வெட்டும்படி பக்கர் எனும் ஏற்று முனையைப் பூட்டி, பொலியூரித்தேன் எனும் அடைப்பு இரசாயனத்தை ஏற்றுவார்கள். வழிகிற தண்ணியில் எபொக்சி ஏற்றுவது காசைக் கரைப்பது. எபொக்சி காய்ந்த வெடிப்புக்குத்தான். ஒரு ஒழுக்கை அடைத்தால் தண்ணி இரண்டு மீற்றர் தள்ளி வரும் என்பதையும் கணக்கில் எடுத்து, முழு மழைக்காலம் ஒன்றைப் பார்த்த பிறகே தகடு பூட்டத் தொடங்குவது நல்லது. திறப்பு விழாத் திகதி வைத்துவிட்ட இடங்களில் இது நடப்பதில்லை.

அதனால்தான் அந்த 300 மில்லிமீற்றர் இடைவெளி. டயப்ரம் சுவரின் அடியில் ஒரு சின்ன வாய்க்கால், 200க்கு 1 சாய்வில், பம்ப் குழிக்கு ஓடும். முன்னால் அலங்காரச் சுவர் தனியாக நிற்கும். பின்னால் கசிகிறது கசிந்துகொண்டு போகட்டும், வாய்க்கால் அடைபடாமல் கழுவ மட்டும் வழி வேண்டும். ஆகவே சில மீற்றருக்கு ஒன்றாகத் தகடு சாவியால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு டயப்ரம் சுவரில் நேரே பூசி ஓடு ஒட்டினால் நடப்பது தெரிந்ததே: தண்ணி கொன்கிரீட்டுக்குள்ளால் வந்து சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக் கொண்டுவரும், ஓட்டின் பின்னால் காய்ந்து படிகமாகும், படிகம் வளரும்போது ஓட்டைத் தள்ளும். முதல் வருடம் இடைவெளிச் சாந்தில் வெள்ளைக் கோடு, இரண்டாம் வருடம் தட்டினால் டொக்குச் சத்தம், பிறகு ஒருநாள் விழுந்திருக்கும்.

தகட்டுக்கு என்ன போடலாம்? ஹொங்கொங், சிங்கப்பூர், லண்டனில் நிறையப் பார்க்கக் கிடைப்பது எனாமல் பூசிய எஃகுத் தகடு. எஃகின் மேல் கண்ணாடிப் படையை 800 பாகைக்கு மேலான சூட்டில் உருக்கி ஒட்டியது. எரியாது, கீறாது, கிறுக்கினால் துடைத்தால் போகும், படமும் அதிலேயே சுட்டுப் பதிக்கலாம். ஒரே பலவீனம் வெட்டுவதும் துளைப்பதும். எல்லாத் துளையும் சுட முன்னரே போட வேண்டும். சைட்டில் ஒரு கமராவுக்காகத் துளைத்தால் விளிம்பில் கண்ணாடி சில்லாக உதிரும், அங்கே துரு தொடங்கி எனாமலின் அடியால் பரவும். ஆகவே கமரா, ஒலிபெருக்கி, அவசரத் தொலைபேசி, தீயணைப்புப் பெட்டி எல்லாவற்றின் இடமும் தகடு ஓடர் பண்ணும் நாளில் முடிவாகியிருக்க வேண்டும். தாங்கும் பிடிகள் 316 தரத் துருவேறா எஃகு. 304 இந்தக் கடற்காற்றுக்கு நிலைக்காது. நடுவில் பொலித்தீன் வைத்த அலுமினியத் தகடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நிலத்துக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது. 1987 நவம்பர் 18இல் லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டரில் பிடித்த தீ 31 உயிரை எடுத்தது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 130 தரம் மேடையை 4 நிமிடத்தில் காலி செய்யவும், 6 நிமிடத்தில் பாதுகாப்பான இடம் சேரவும் வேண்டும் என்கிறது. படியின் அகலம் இந்தக் கணக்கில் வருவது, அதை அரை மீற்றர் தின்று ஒரு சிலை வைக்க முடியாது.

ஸ்டொக்ஹோம் மெட்ரோவின் டி சென்ட்ராலன் நீல நிலையத்தைக் காட்டி, நாமும் பாறையை அப்படியே விட்டு வண்ணம் தீட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது திடமான பாறைக்குள் குடைந்து, மேலே கொன்கிரீட் விசிறிய குகை. கோட்டையில் அந்த ஆழத்தில் பாறை கிடைக்கும் என்று நம்பி எதையும் வரைய முடியாது.

தரைக்குக் கருங்கல், 20 மில்லிமீற்றர், சன நெரிசலில் 30. வாசல் பக்கம் சுட்டுச் சொரசொரப்பாக்கிய முகம், உள்ளே மங்கலாகத் தீட்டிய முகம். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு மழைநாளில் செருப்போடு வருகிறவருக்கு ஆபத்து. கல்லின் ஆறு பக்கமும் நீர்தடுப்புப் பூசாமல் ஈரச் சாந்தில் பதித்தால் விளிம்பைச் சுற்றி இருண்ட சட்டம் விழும், எந்தத் தூளாலும் போகாது. இரண்டு கல் சேரும் இடத்தில் உயர வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்குள். பதித்த பின் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கோது கேட்பதைக் கழற்றவே வேண்டும். பார்வையற்றோருக்கான மேடுள்ள ஓடுகள் ஜப்பானில் செய்சி மியாக்கே 1965இல் உருவாக்கியவை: கோடு என்றால் போ, புள்ளி என்றால் நில். மேடு 5 மில்லிமீற்றர். கல்லின் நிறத்துக்குப் பொருந்தட்டும் என்று சாம்பல் நிறத்தில் போடுவது குற்றம். கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு அந்த மஞ்சள்தான் வழி.

கூரையில் சொட்டுவது எப்போதும் ஒழுக்கு அல்ல. கொழும்புக் காற்றின் பனிநிலை வருடம் முழுக்க 24 பாகைப் பக்கம். அதற்குக் கீழே குளிர்ந்த எதுவும் வியர்க்கும். 7 பாகைத் தண்ணி ஓடும் ஏசி குழாயின் உறை ஒரு வளைவில் பிளந்திருந்தால் போதும். வாசல் பக்க ஏசி வாய்களை நேரே வெளிக்காற்றோடு முட்ட விட்டால் அங்கேயும் மழைதான். குழாய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் உறை நசுங்காமல் மரக்கட்டை மாதிரிக் கடினமான துண்டு வைப்பது சின்ன வேலை, ஆனால் அதை விட்டதால்தான் பாதிக் கூரைகள் கறை படிகின்றன.

வாசல். 2010 நவம்பரில் நாடாளுமன்றமே வெள்ளத்தில் நின்ற நகரம் இது. பேங்கொக்கில் சுரங்கத்துக்குள் இறங்க முதலில் சில படி ஏற வேண்டும். தாய்ப்பேயில் 2001 செப்டெம்பரில் நாரி சூறாவளியின் வெள்ளம் மெட்ரோவுக்குள் புகுந்தது. இங்கேயும் ஏறி இறங்கும் வாசல், அதற்கு மேல் சொருகுகிற வெள்ளத் தடுப்புப் பலகை வேண்டும். சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 சரிவு என்றால் 1 மீற்றர் உயரத்துக்கு 12 மீற்றர், இடையில் நின்று திரும்பும் தளத்தோடு இன்னும் கூடும். புறக்கோட்டை நடைபாதையில் அந்த நீளத்தை எங்கே எடுப்பது என்பதை முதல் வரைபடத்திலேயே கேட்க வேண்டும்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. மூன்று மொழி. சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் தமிழை நெருக்கினால் கொம்பனித்தெரு என்ற பெயர் வாசிக்க முடியாத அளவுக்குச் சுருங்கும். பலகையின் அகலத்தை மூன்றிலும் நீளமான பெயரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பார்க்கும் தூரத்தில் 250இல் ஒரு பங்கு எழுத்துயரம்: 10 மீற்றருக்கு 40 மில்லிமீற்றர், அதுவும் கொம்பும் சுழியும் சேர்க்காமல் எழுத்தின் உடல் மட்டும். வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் எழுத்து வேண்டாம். புள்ளிகள் தனித் துண்டுகள், துடைக்கும் துணிக்கு முதலில் கழன்று வருவது அவைதான், மாதம் சில போக மெய்யெழுத்து எல்லாம் உயிர்மெய்யாகிவிடும். எனாமலில் சுட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழி அமைப்பை இயக்காமல் விட்டால் 'ெகாழும்பு' என்று வந்து நிற்கும், சுட்ட பிறகு திருத்தவும் முடியாது. முழு அளவில் தாளில் அச்சிட்டு, தமிழை அன்றாடம் வாசிக்கும் ஒருவரிடம் காட்டி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்கிய பின்னரே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். எழுத்துருவை வளைகோடுகளாக மாற்றி அனுப்புவது அதைவிட முக்கியம், இல்லாவிட்டால் அங்கே திறக்கும்போது மறுபடி உடையும்.